வேலியில் நீலம் குறைந்த வருஷம்

காஜா பெராங் ரோட்டிலிருந்து மலாக்கா செட்டிகளின் கம்போங் குடியிருப்புக்குப் போகிற சந்தில் ஒரு முள்கம்பி வேலி இருந்தது. வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அவசர காலத்தில் பட்டாளத்து லாரிகளை நிறுத்த ஒரு காலி நிலத்தைச் சுற்றிப் போட்ட வேலி அது. பிறகு லாரிகள் போய்விட்டன, பட்டாளமும் போய்விட்டது. கம்பியைச் சுருட்டிக்கொண்டு போக மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அதன்மேல் சங்குப்பூக் கொடி ஏறி, சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் மூடிவிட்டது. யாரும் விதைக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. காலையில் அந்தப் பக்கம் போனால் வேலி முழுக்க நீலப்பட்டு காயப்போட்ட மாதிரி இருக்கும். நடுநடுவே ஒன்றிரண்டு வெள்ளைப்பூவும் உண்டு.

நான் அப்போது டவுன் கவுன்சிலில் புல் வெட்டுகிற கூலி. பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் இல்லை. பள்ளிக்கூடத்து வாசல் புல்லை வெட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதெல்லாம் நாற்பது வயதுக்கு மேல், பேப்பரில் சுற்றி வந்த கடலையைத் தின்றுகொண்டே. அதனால் புத்தகத்தில் உள்ளதைச் சொல்ல எனக்குத் தெரியாது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

வேலியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் படாங் புல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். படாங் என்றால் பந்து விளையாடுகிற திடல். அங்கே கேழ்வரகு மாதிரி விரல் விரித்துக் கதிர் விடுகிற ஒரு முரட்டுப் புல் உண்டு. வாரா வாரம் மெஷினைத் தள்ளி வெட்டுவோம். அடுத்த நாள் பார்த்தால் அந்தக் கதிர் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். எங்கள் மண்டோர், அதாவது எங்களை வேலை வாங்குகிறவர், "டேய், மெஷின தள்ளுனியா, மெஷின் மேல ஒக்காந்து தூங்குனியா?" என்று கேட்பார். அதே புல் லோங்காங் என்று இங்கே நாங்கள் சொல்கிற சாக்கடை ஓரத்தில் முழங்கால் உயரம் நிற்கும். எனக்கு அது ஒரு கோளாறாகவே இருந்தது. ஒரு நாள் படாங்கிலிருந்து ஒரு குத்தைப் பிடுங்கி வந்து என் வீட்டு லோங்காங் ஓரம் நட்டேன். இங்கே மெஷின் இல்லை, இனிமேலாவது நிமிர்ந்து நிற்கும் என்று நினைத்தேன். அது நிமிரவே இல்லை. பக்கத்தில் அதன் சொந்தக்காரப் புல் நெட்டையாக நிற்க, இது மட்டும் தரையைக் கட்டிக்கொண்டு கிடந்தது. அதன் விதை விழுந்து முளைத்ததும் அப்படியேதான். நெட்டையெல்லாம் மெஷினுக்குத் தலை கொடுத்துவிட்டது, படுத்தது மட்டும் விதை போட்டுப் பிழைத்தது என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியாது. மனதில் ஒரு ஓரமாகக் கிடந்தது.

இப்போது வேலிக்கு வருகிறேன்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் மனைவி ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் பத்து பேர் என்ன என்று கேட்பார்கள். டவுனுக்கு வந்து ஒற்றைப் பலகை வீட்டில் உட்கார்ந்ததும் அவள் பேச்சே நின்றுபோயிற்று. நான் வேலைக்குப் போனால் மத்தியானம் வரைக்கும் வாயைத் திறக்க ஆள் கிடையாது. கோழியோடு பேசிக்கொண்டிருப்பாள்.

அப்படி இருந்தவளைப் பேச வைத்தது சந்தின் மறுபக்கத்துச் செட்டியம்மாதான். மலாக்கா செட்டிகள் நம்மைப் போலவே சாமி கும்பிடுகிறவர்கள், விபூதி பூசுகிறவர்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். பேச்சில் அங்கங்கே ஒரு தமிழ்ச் சொல் தலை காட்டும். செட்டியம்மா கபாயா சட்டையும் சாரோங் கைலியும் கட்டி, வாசலில் பலகாரத் தட்டு வைத்து விற்பவர். வீட்டுக்காரர் இறந்துபோய் ஒரே மகளோடு இருந்தார். என் மனைவி அவரை மக்சிக் என்று கூப்பிடுவாள், மலாயில் அத்தை சித்தி என்கிற மாதிரி. நானும் அப்படியே. மூன்று பேரும் பேசிக்கொண்டது மலாயில்தான். நான் இங்கே தமிழில் சொல்கிறேன், நீங்கள் மலாயாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்குப்பூவைப் பிழிந்தால் வருகிற நீலச் சாற்றை ஊற்றி, பூலுட் என்கிற ஒட்டரிசியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, பலகையால் அமுக்கித் துண்டு போடுவார் மக்சிக். கூடவே தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்துக் கிண்டிய காயா. அந்தப் பலகாரத்தை என் மனைவிக்கும் கற்றுக்கொடுத்தார். பூப்பறிக்க முறை வைத்துக்கொண்டார்கள். திங்கள், புதன், வெள்ளி இவள். செவ்வாய், வியாழன், சனி அவர். ஞாயிறு இரண்டு பேரும் சேர்ந்து. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்புச் சத்தம் எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்கும். எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டாள்.

வேலியில் கொடி ஏறிய நாளிலிருந்து பறிக்கிற மக்சிக்குக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு நீலப்பூவைக்கூடச் செடியில் விடக்கூடாது. "பறிக்காத பூ செடிக்குப் பாரம். வாட விட்டா நாளைக்குப் பூக்காது" என்பார். அவர் அம்மா சொன்னது, அம்மாவுக்கு அவர் அம்மா சொன்னது. பொய்யும் இல்லை அது. வழித்துப் பறித்த கொடி மறுநாள் இன்னும் ஆசையாகப் பூக்கும். வெள்ளைப்பூவை மட்டும் தொட மாட்டார்கள். அதில் சாயம் கிடையாது. என் மனைவி வெள்ளிக்கிழமை சாமி விளக்குக்கு நாலு வெள்ளைப்பூ எடுப்பாள், அவ்வளவுதான்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைக்கப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷம். மக்சிக்கின் மகளுக்குத் தெங்கேராவில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். கல்யாணம் தை மாதம். அவர்கள் வீட்டு வழக்கப்படி, கல்யாணத்துக்கு முதல் நாள் பெண் வீட்டுப் பெண்கள் வரிசையாக நடந்து, மாப்பிள்ளை வீட்டுக்கு நீலப் பூலுட் தட்டு எடுத்துப்போக வேண்டும். நீலம் ராத்திரி வானம் மாதிரி அடர்த்தியாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் பெண் வீட்டில் மனசில்லாமல் அனுப்பினார்கள் என்று அர்த்தம். மாப்பிள்ளையின் அம்மா வேறு லேசுப்பட்டவர் இல்லை. பெண் பார்க்க வந்தபோதே திரைச்சீலையைத் தூக்கி அதன் பின்பக்கத் தையலைப் பார்த்தவர் அவர்.

மக்சிக்குக்கு அக்கா தங்கை கிடையாது. அதனால் என் மனைவியைக் கூப்பிட்டு, "தட்டு வரிசையில நீயும் நடக்கணும், என் தங்கச்சி மாதிரி" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் வேலை முடிந்து வந்தபோது இவள் தண்ணீர்க் குடத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம்தான் வேலியில் நீலம் குறைந்தது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு இவள் கூடை பாதிதான் நிரம்புகிறது என்றாள். பிறகு கால் கூடை. வேலி காலியாகவும் இல்லை, கொடியும் வாடவில்லை. தளதளவென்றுதான் இருந்தது. ஆனால் நீலப்பட்டு போய் வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பெண்களுக்கும் அது கண்ணில் படவில்லை. நீலம் தேடுகிற கண்ணுக்கு வெள்ளை தெரியாது. இருந்த பூவை யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. யாரோ என்றால் யார்? அந்தச் சந்தில் பூப்பறிக்கிறவர்கள் இரண்டே பேர்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாத நேரம். அன்றைக்கு மக்சிக் முறை. இவள் எழுந்து போனதை நான் பார்த்தேன். வேலிக்கு எதிரே செம்பருத்திப் புதருக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டாள். திருடுகிறவள் நாளைய பூவை இன்றைக்கே மொட்டோடு எடுக்கிறாளா என்று பார்க்க. நான் பல் விளக்கிக்கொண்டே பின்னால் போனேன். வெளிச்சம் வந்ததும் பார்த்தால், அந்தப் பக்கம் பலாமரத்துக்குப் பின்னால் ஒரு சாரோங் தெரிகிறது. மக்சிக்கும் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறார். தன் முறை நாளிலேயே, என் மனைவி வருகிறாளா என்று பார்க்க.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"ஆங், புடிச்சேன்" என்றாள் இவள் தமிழில். கோபம் வந்தால் இவளுக்கு மலாய் மறந்துவிடும்.

"யாரு யாரைப் பிடிச்சது?" என்றார் மக்சிக். "இன்னிக்கு என்ன கிழமை? என் நாள்ல உனக்கு இங்க என்ன வேலை?"

"உங்க நாள்னா நேரா வந்து பறிக்க வேண்டியதுதானே மக்சிக். மரத்துக்குப் பின்னால ஏன் ஒளியணும்?"

"நீ ஏன் புதர்ல ஒக்காந்திருக்க? செம்பருத்திக்குத் துணையா?"

"நேத்து என் நாள்ல ஒரு கை பூ கூட இல்ல. எல்லாம் உங்க காயாவுல கரைஞ்சு போச்சா?"

"அலாமா, கேளு பேச்சை. அரிசி கழுவக்கூடத் தெரியாம வந்தா. கையைப் பிடிச்சு நான் கத்துக் குடுத்தேன். இப்ப என்னைத் திருடிங்கறா."

"நான் சொல்லல. நீங்களே சொல்லிக்கிறீங்க."

நடுவில் நான் வாயில் நுரையோடு நின்றேன். மக்சிக் என்னைப் பார்த்து, "உன் பெண்டாட்டி தட்டு தூக்க வர வேண்டாம். கோழிகிட்ட சொல்லிடு, அதுகூட பேசிக்கிட்டு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோழி விஷயத்தை இவள் எப்போதோ அவரிடம் மனம் விட்டுச் சொல்லியிருக்கிறாள். அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை. அன்றைக்குக் கோழிக்குத் தீனிகூடப் போடவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு இல்லை. இவள் மறுபடி பழைய மாதிரி வாயை மூடிக்கொண்டாள். இந்த ஊர் வேண்டாம், தோட்டத்துக்கே போய்விடலாம், நான் ரப்பர் பால் வெட்டி உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு நாள் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெட்டியைத் துடைத்து வைத்திருந்தாள்.  நீலப்பூ எங்கே போனது என்று கண்டுபிடித்தால்தான் என் வீடு வீடாக இருக்கும் என்று புரிந்துபோயிற்று.

மண்டோரிடம் சொன்னேன். அவர் ரொம்ப யோசித்து, "துணிக்குப் போடுற நீலம் ஒரு பாக்கெட்டு வாங்கி அரிசியில போடச் சொல்லு. மாப்பிள வீட்டுக்காரன் வயிறும் வெளுத்துடும்" என்றார். பிறகு, "அந்த வேலி ஓரம் புல்லு ஏறிக் கெடக்கு, நாளைக்கு நீயே போய் வெட்டு" என்றார். அந்த ஆளுக்கு அதுதான் இரக்கம்.

மறுநாள் வேலி ஓரம் வெட்டிக்கொண்டே போனேன். வெயில் ஏறியதும் நிழலில் உட்கார்ந்தேன். சத்தமே இல்லாத நேரம். டிக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் கழித்து மறுபடி டிக். காய்ந்த சங்குப்பூக் காய் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தெறிக்கிற சத்தம். ஒரு விதை என் முழங்காலில் வந்து விழுந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளைப்பூக் கொடி. கொத்துக் கொத்தாகக் காய். பக்கத்திலேயே ஒரு நீலக்கொடி. அதில் ஒரு காய் இல்லை. எழுந்து அடுத்ததைப் பார்த்தேன். வெள்ளையில் காய், நீலத்தில் இல்லை. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வேலி நெடுக நடந்தேன். எல்லா இடத்திலும் அதேதான்.

கடைசி முனையில் ஒரு இடத்தில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அங்கே வேலிக்கம்பத்தில் ஒரு பெரிய குளவிக்கூடு. அந்தப் பக்கம் எந்தப் பெண்ணும் கை நீட்ட மாட்டாள். அங்கே கொடியெல்லாம் நீலம். பழைய மாதிரியே, பட்டு மாதிரி நீலம். நீலக்கொடியில் காய், வெடிக்கத் தயாராக.

படாங் புல் சட்டென்று ஞாபகத்துக்கு வந்தது. அங்கே மெஷின் நெட்டையை எடுத்தது. இங்கே இரண்டு பெண்களும் நீலத்தை எடுத்தார்கள். விட்டு வைத்தது எதுவோ அதுதான் விதை போட்டது.

ஆனாலும் மக்சிக்கிடம் சும்மா போய்ச் சொன்னால் நம்ப மாட்டார். எனக்கு அப்போது எண்ணி எழுதத் தெரியாது. இரண்டு காலிப் பால்டின் எடுத்துக்கொண்டேன். நீலக்கொடிக்கு ஒரு அடுப்புக்கரித் துண்டு, வெள்ளைக்கொடிக்கு ஒரு கிளிஞ்சல். வேலியின் நடுப்பாகத்தில் கம்பத்துக்குக் கம்பம் பார்த்துப் போட்டேன். கரி டின்னின் அடியில்கூடப் பரவவில்லை. கிளிஞ்சல் டின் வழிந்தது. குளவிக் கம்பத்துப் பக்கம் வேறு இரண்டு டின் வைத்து எண்ணினேன். அங்கே கரி வழிந்தது. நாலு டின்னையும் தூக்கிக்கொண்டு போய் மக்சிக் வாசலில் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இவளையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் டின்னை மட்டும் பார்த்தார்கள்.

"குப்பையை ஏன் என் வாசல்ல வைக்கிற?" என்றார் மக்சிக்.

நான் சொன்னேன். பூவை எடுத்தால் காய் ஏது, காய் இல்லாமல் விதை ஏது, கிழட்டுக்கொடி பட்டுப்போனால் அந்த இடத்துக்கு வருவது யார் பிள்ளை என்று கேட்டேன்.  மக்சிக் ஒரு கரித்துண்டை எடுத்து விரலில் உருட்டினார். விரல் கறுப்பானது.

"ஒண்ணுகூட விடாம பறிச்சது யாரு?" என்றார்.

"நீங்கதான் மக்சிக் சொல்லிக் குடுத்தீங்க" என்றாள் இவள், மெதுவாக.

"அப்ப திருடி நான்தான்."

"நானும்தான். மூணு நாள் நான், மூணு நாள் நீங்க."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை கூட்டுக் கொள்ளை" என்றாள் இவள்.

மக்சிக் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. அன்றைக்கு ஒரு தட்டுப் பலகாரம் விற்கவில்லை, நாங்கள் மூன்று பேருமே தின்று தீர்த்தோம்.

சிரித்து முடித்தாலும் தை மாதம் வரத்தான் போகிறது. குளவிப் பக்கத்துக் காயைப் பறிக்க நான் போனேன். மண்ணெண்ணெய்த் துணியைக் கொளுத்திப் புகை போட்டு, கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டுதான் போனேன். குளவிக்கு அது தெரிந்திருக்க வேண்டும், கோணிக்குள்ளே வந்து கொட்டிற்று. ஒரு கண் மூடிப்போய், மேல் உதடு வெளியே வந்து, மெர்டேக்கா அன்றைக்கு எல்லோரும் சத்தம் போட்டபோது என் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. பக்கத்தில் நின்று இவள் எனக்கும் சேர்த்துக் கத்தினாள்.

காயைக் கொடி வாரியாகப் பிரித்து வைத்தேன். இந்தக் கொடியின் விதை இந்த டின், அந்தக் கொடியின் விதை அந்த டின். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் காரணம் கிடையாது. படாங் புல்லை நட்டுப் பார்த்தவனுக்கு அப்படி ஒரு கிறுக்கு. வேலியின் மற்ற இடத்தில் இருந்த மிச்ச நீலத்தை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டோம். மக்சிக்குக்குத்தான் அது கஷ்டம். காலையில் வாசலில் நின்று வாடுகிற பூவைப் பார்த்து, பசியோடு சோற்றைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். அத்தனை நாளும் வெள்ளைப் பூலுட்தான் விற்றார். ஏன் வெள்ளை என்று கேட்டவர்களுக்கு, மெர்டேக்கா கிடைத்தாயிற்று, எல்லாம் புதுசு என்று பதில் சொன்னார்.

என் வீட்டு ஓரம் டின் வாரியாகப் பாத்தி பிரித்து ஊன்றினேன். விதை முளைத்தது, மழை நன்றாகப் பெய்தது, கொடி ஏறியது. கார்த்திகை பிறக்கிற சமயம் முதல் பூ விட்டது. நாங்கள் மூன்று பேரும் கூடி நின்று பார்த்தோம். வெள்ளை.

 இவள் முகம் தொங்கிவிட்டது.

"நீலத்தோட விதைதானா அது?" என்றார் மக்சிக்.

"சத்தியமா நீலம். குளவி சாட்சி" என்றேன்.

அடுத்தடுத்த நாளில் மற்றதும் பூத்தது. ஒரு டின் விதையில் வந்தது எல்லாம் நீலம், ஒன்று விடாமல். இன்னொரு டின்னில் மூன்று நீலம் வந்தால் ஒரு வெள்ளை என்கிற மாதிரி கலந்து வந்தது. தாய்க்கொடி இரண்டும் பார்க்க ஒரே நீலம்தான். பூவைக் கையில் வைத்து எனக்கு வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை. ஏன் இப்படி என்று நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். எனக்குப் புரிய வைத்தது மக்சிக்தான்.

"என் அண்ணனைப் பார்த்திருக்கியா?" என்றார். "என்னை மாதிரி கறுப்பு, பெரிய கண்ணு. அண்ணியும் அப்படித்தான். மூத்தவன் பிறந்தான், ரெண்டாவது பிறந்தான், எல்லாம் அதே மாதிரி. மூணாவது ஒருத்தி பிறந்தா, சின்னக் கண்ணு, மஞ்சள் தோலு, அப்படியே சீனப் பொம்மை. அண்ணி ஊர்ல தலை காட்ட முடியல. கடைசியில எங்க பெரியம்மா ஒரு கிழவி சொன்னா, எங்க பூட்டன் கட்டினதே ஒரு சீனப்பொண்ணுதான்னு. நாலு தலைமுறை எங்கயோ ஒளிஞ்சிருந்துட்டு, இந்தப் பிள்ளை முகத்துல வந்து எட்டிப் பார்த்திருக்கு."

"அப்ப இந்த நீலத்துக்கும் ஒரு வெள்ளைப் பாட்டன் இருக்கான்" என்றாள் இவள்.

"இருக்கான். உள்ள ஒக்காந்திருக்கான். சில நீலத்துக்குள்ள இருக்கான், சிலதுக்குள்ள இல்ல. பிள்ளை பிறந்தாத்தான் தெரியும்."

நான் வெள்ளைக்கொடி விதையையும் ஒரு டின்னில் போட்டு வைத்திருந்தேன். அது முழுக்க வெள்ளைதான் வந்தது. வெள்ளைக்குள் நீலம் ஒளிந்துகொள்ளவில்லை. நீலத்துக்குள்தான் வெள்ளை ஒளியும். அதனால்தான் வெள்ளையை எவ்வளவு பிடுங்கினாலும் அது அடியோடு போகாது என்பதும், நீலத்தை வழித்து வழித்து எடுத்தால் நீலம் நிஜமாகவே போய்விடும் என்பதும் எனக்கு அன்றைக்கு விளங்கியது. பல வருஷம் கழித்து, காலேஜில் படித்த என் பேத்தி இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது, கணக்கு இருக்கிறது என்று சொன்னாள். கரியும் கிளிஞ்சலும் வைத்துத்தானே என்று கேட்டேன். கிட்டத்தட்ட அதுதான் தாத்தா என்றாள்.

முழு நீலம் கொடுத்த தாய்க்கொடியை மக்சிக் விடவில்லை. அதன் தண்டில் மஞ்சள் கயிறு கட்டி, இது மகளுக்கு முன்னால் கல்யாணமான கொடி, இதைத் தொட்டால் கை முறியும் என்று சொல்லி வைத்தார். அதன் பிள்ளைகளைச் சந்து நெடுக நட்டோம். மார்கழி முழுக்கப் பறித்து, முறத்தில் காயப்போட்டுச் சேர்த்தார்கள். ஆனால் இப்போது பறிக்கிற முறை மாறிவிட்டது. ஒவ்வொரு கொடியிலும் சிலதை விட வேண்டும். எத்தனை விடுவது என்பதில் தினம் ஒரு சண்டை.

"அதை விடுங்க மக்சிக், அது நல்ல பூ."

"நல்ல பூவை விட்டுட்டு நொண்டியையா அரிசியில போடறது?"

"நொண்டியை விட்டா நொண்டிதான முளைக்கும்?"

"என் மக கல்யாணமா, இல்ல இந்த வேலிக்குக் கல்யாணமா?"

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் காப்பி குடிப்பேன். பெட்டி கட்டிலுக்கு அடியில் தூசி பிடித்துக் கிடந்தது.

தை மாதத்தில் அந்த நாள் வந்தது. பூலுட்டை அமுக்கிப் பலகையை எடுத்தபோது மக்சிக் கிட்டே குனிந்து பார்த்தார். அவ்வளவு நீலம். கத்தியை வைத்தால் கத்தியின் பளபளப்பு அதில் தெரிந்தது. பெண்கள் கிளம்பினார்கள். முதல் தட்டு மக்சிக்கின் நாத்தனார், இரண்டாவது தட்டு என் மனைவி. மக்சிக்கின் சாரோங்கும் கபாயாவும் போட்டிருந்தாள். சாரோங் இடுப்பில் நிற்கவில்லை, நான்தான் ஊக்குக் குத்திவிட்டேன். தெங்கேரா வரைக்கும் ஒரு துளி ஆடாமல் நடந்தாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா தட்டு மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒரு துண்டை எடுத்துத் திருப்பி அடிப்பக்கத்தையும் பார்த்தார். அடியும் நீலம்தான். பிறகு கடித்தார். நாங்கள் எல்லோரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எங்க வேலியில எல்லாம் வெள்ளையாப் போச்சு" என்றார். "ரெண்டு வருஷமா நீலமே காணோம். பக்கத்து வீட்டுக்காரி திருடறாள்னு நான் அவகூட பேசறதே இல்ல. உங்களுக்கு எங்க கெடச்சுது இவ்வளவு?"

மக்சிக் என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி தரையைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்ததை நான் வாசலிலிருந்தே கவனித்தேன். மக்சிக்குக்குச் சிரிப்பை அடக்குவதில் இவளைவிட அனுபவம் உண்டு. முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னார்:

"விதை குடுத்து அனுப்பறேன் சம்பந்தி. ஆனா கொஞ்சம் வெள்ளையும் கலந்து முளைக்கலாம். முளைச்சா யாரையும் ஒண்ணும் சொல்லக்கூடாது. மொதல்ல போய் அந்தப் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிடுங்க. தட்டு காலியாகறதுக்குள்ள அவங்களும் ஒரு துண்டு சாப்பிடட்டும்."

 அந்த அம்மா கையில் இருந்த மிச்சத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, வேலிப் பக்கம் போய்க் குரல் கொடுத்தார்.